ஜூலையில் குழந்தைகளோடு காக்கடூவில் கூடாரம் போடலாமா? முதலைப் பயம்தான் பிரச்சினை

பரமட்டா_பானு

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை பள்ளி விடுமுறைக்கு டார்வினுக்கு விமானத்தில் போய், அங்கே வண்டி வாடகைக்கு எடுத்து, வட ஆஸ்திரேலியாவின் காக்கடூ தேசியப் பூங்காவுக்குள் ஐந்து இரவு கூடாரத்தில் தங்கலாம் என்று யோசிக்கிறோம். நான், கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பையன்கள், கூடவே என் மாமியார். அத்தைக்கு 68 வயது. நடக்கத் தயங்க மாட்டார், வெயிலும் தாங்குவார், ஆனால் "முதலை திரிகிற இடத்தில் துணிக்குள்ளேயா படுக்கச் சொல்றீங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் போய் வந்தவர்களிடம் நேராகக் கேட்கிறேன்.

கூடாரத்தில் தூங்குவது உண்மையிலேயே பத்திரமா? எந்தக் கேம்ப்கிரவுண்டில் குளியலறை, கழிவறை ஒழுங்காக இருக்கும்? பிள்ளைகள் எங்கேயாவது தண்ணீரில் இறங்கலாமா, இல்லை வேடிக்கை மட்டும்தானா? பெரியவன் பறவை, பூச்சி என்றால் உயிரை விடுவான், அவனுக்காக எங்கே எந்த நேரம் போக வேண்டும்? ஃபோர் வீல் டிரைவ் வண்டி அவசியமா, சாதாரணக் கார் போதுமா? இதற்கு முன் ப்ளூ மவுண்டன்ஸில் கூடாரம் போட்ட பழக்கம் உண்டு, வடக்குப் பக்கம் இதுதான் முதல் தடவை.

டார்வின்வாசி

பானு, உங்கள் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காக்கடூவில் முதலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1971-இல் நார்தன் டெரிட்டரியில் வேட்டையைத் தடை செய்தபோது உப்புநீர் முதலைகள் சில ஆயிரம்தான் மிஞ்சியிருந்தன. இன்றைக்கு டெரிட்டரி முழுவதும் சுமார் 1,00,000 இருக்கும் என்பது மதிப்பீடு. பெயரில் உப்புநீர் என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள், அது கடலிலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நன்னீர்க் குளத்திலும் சௌகரியமாகக் குடியிருக்கும்.

ஆனால் இங்கே வாழ்கிற எங்களுக்கு அது தினசரிப் பயம் இல்லை. காரணம், உப்புநீர் முதலையிடம் சிக்கியவர்கள் பெரும்பாலும் தண்ணீருக்குள் நின்றவர்கள், இல்லையென்றால் கரை விளிம்பில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தவர்கள். நிலத்தில் துரத்திப் பிடிப்பது அதன் வேலையே இல்லை. மூழ்கிக் கிடந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் தாடையெல்லாம் நுண்ணிய புள்ளி புள்ளியாக உணர்வு உறுப்புகள், தண்ணீரில் ஒரு சின்ன அசைவு என்றாலும் தெரிந்துவிடும். நீங்கள் காலையில் ஒரு இடத்தில் பாத்திரம் கழுவி, சாயந்திரமும் அதே இடத்துக்கு வந்து, மறுநாளும் வந்தால் அதை அது மனதில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் இங்கே எல்லாரும் சொல்கிற விதிகள் எல்லாம் கரையைப் பற்றியவை: விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளியே நில், கூடாரத்தைத் தண்ணீரிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் போடு, மீனைக் கரையில் வைத்துச் சுத்தம் செய்யாதே, மிச்சச் சாப்பாட்டைத் தண்ணீரில் கொட்டாதே, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீர் மொள்ளாதே. பூங்காவின் கேம்ப்கிரவுண்டில் குறித்துவிட்ட இடத்தில் கூடாரம் போட்டால் இந்தக் கவலையில் பாதி போய்விடும்.

அத்தை எங்கேயாவது "கூடாரத்துக்குள் புகுந்து இழுத்ததாமே" என்று கேள்விப்பட்டிருந்தால், அது கட்டுக்கதை அல்ல. 2004-இல் குயின்ஸ்லாந்தின் கேப் யார்க் பக்கம் பாதர்ஸ்ட் பே கடற்கரையில் நடந்தது. கூடாரத்திலிருந்து ஒருவரை முதலை இழுக்க, அவர்களோடு வந்திருந்த 60 வயது அம்மா ஒருவர் அதன் முதுகில் பாய்ந்தார். அவருக்கும் பலத்த காயம், ஆனால் எல்லாரும் பிழைத்தார்கள். கூடாரங்கள் போட்டிருந்தது கடற்கரையில் என்பதைக் கவனியுங்கள். அத்தையிடம் இதையும் சேர்த்தே சொல்லுங்கள், மறைத்துவைத்து அப்புறம் அவராகத் தெரிந்துகொண்டால் உங்களை நம்பவே மாட்டார்.

தங்குவதற்கு என் ஓட்டு ஜராஜின். பழைய வரைபடங்களில் முய்ரெல்லா பார்க் என்று இருக்கும். ஃப்ளஷ் கழிவறை, ஷவர் எல்லாம் உண்டு, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான் உள்ளே, பர்ரங்குய் பாறை ஓவியங்களுக்கும் பக்கம். யெல்லோ வாட்டர் நீர்நிலையில் பறவை பார்க்கும் படகுக்கு விடிகாலையில் போவதாக இருந்தால் மார்டுகல் அதைவிட வசதி. உபிர் பாறை ஓவியங்கள் பக்கம் மெர்ல் இருக்கிறது, அதுவும் நல்ல இடம், ஆனால் கொசு. அதைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள், எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

நுழைவுச் சீட்டை இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். வறண்ட பருவத்தில் பெரியவர் ஒருவருக்கு 40 டாலர், குடும்பச் சீட்டும் உண்டு, 7 நாள் செல்லும். கேம்ப்கிரவுண்டு கட்டணம் தனி. விலை மாறியிருக்கலாம், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். கேம்ப்கிரவுண்டு குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர்.

ரோடு_ராஜா

அக்கா, பயந்து பயந்து போவதற்குப் பதில் லிட்ச்ஃபீல்டு போங்கள். டார்வினிலிருந்து ஒன்றரை மணி நேரம், தார் ரோடு, ஃப்ளோரன்ஸ் அருவியில் பசங்க குதித்து விளையாடலாம், ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் கறையான் புற்றுகள் ரோட்டோரத்திலேயே இருக்கின்றன. காக்கடூவில் தூரம் அதிகம், ஜபிரு ஊருக்கே 250 கிலோமீட்டர், அங்கிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர். பசங்க பின் சீட்டில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டணும்.

இல்லை காக்கடூதான் என்றால் ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள். மகுக் அருவிக்குப் போங்கள், ஜிம் ஜிம் அருவிக்குப் போங்கள். மகுக்கில் எல்லாரும் குளிக்கிறார்கள், நானும் குளித்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு முக்குப் போடாமல் வந்தால் என்ன அர்த்தம்?

டார்வின்வாசி

ராஜா, லிட்ச்ஃபீல்டு பற்றிச் சொன்னது சரி, பிள்ளைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றால் அங்கேயும் ஒரு இரவு சேர்த்துக்கொள்ளட்டும். அங்கும் திறந்திருக்கிறது என்ற பலகையைப் பார்த்துவிட்டு இறங்கணும், அவ்வளவுதான். ஆனால் "எல்லாரும் குளிக்கிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று ஆறு வயசுப் பையனின் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பருவமழை. அந்த மாதங்களில் ஆறு, ஓடை, சதுப்பு எல்லாம் ஒன்றாகிவிடும், முதலை நினைத்த இடத்துக்கு நீந்திப் போகும், அருவிக்குக் கீழே இருக்கும் மடு வரைக்கும்கூட. தண்ணீர் வடிந்ததும் சில அங்கேயே தங்கிவிடும். அதனால் வறண்ட பருவம் தொடங்கும்போது ரேஞ்சர்கள் ஒவ்வொரு மடுவாக இரவில் விளக்கடித்துத் தேடுவார்கள், கூண்டு வைப்பார்கள், உப்புநீர் முதலை இல்லை என்று திருப்தி வந்த பிறகுதான் அந்த இடத்தைத் திறப்பார்கள். திறந்த பிறகும் பலகையில் இருப்பது உங்கள் பொறுப்பில் இறங்குங்கள் என்றுதான். மகுக்கில் நன்னீர் முதலை இருக்கிறது, ஒல்லி மூக்கு, மனிதரைத் தேடி வராது, ஆனால் மிதித்தால் கடிக்கும். இதெல்லாம் தெரிந்து பெரியவர்கள் இறங்குவது வேறு, பிள்ளைகளை இறக்குவது வேறு.

அருவி மடு இல்லாத வேறு எந்தத் தண்ணீரிலும், அதாவது பில்லாபாங் என்கிற ஆற்றோரத் தேக்கக் குளம், ஆறு, ஓடை எதிலும், கால் நனைக்கக்கூட வேண்டாம். 2002-இல் சாண்டி பில்லாபாங்கில் இரவில் குளிக்க இறங்கிய ஜெர்மானியச் சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார், அவர்களோடு வழிகாட்டியும் இருந்தார். 2017-இல் கேஹில்ஸ் கிராசிங்கில் ஆற்றை நடந்தே கடக்கப் பார்த்தவரும் போய்விட்டார். பிள்ளைகளுக்கு நீச்சல் வேண்டுமானால் ஜபிருவில் நீச்சல்குளம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், மதியம் இரண்டு மணி வெயிலில் அதைவிடச் சொர்க்கம் இல்லை.

சிறகி

பறவை, பூச்சி என்று உயிரை விடும் பையன் இருப்பதாகப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பானு, காக்கடூவில் ஏறக்குறைய 280 வகைப் பறவைகள், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மொத்த வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பூங்காவுக்குள்ளேயே பார்க்கலாம். ஆனால் பட்டியலைக் கையில் கொடுத்து "இதைப் பார்த்தாயா அதைப் பார்த்தாயா" என்று ஓட வேண்டாம். இடத்தைவிட நேரம்தான் இங்கே முக்கியம். காலை ஏழிலிருந்து ஒன்பது, சாயந்திரம் நாலரையிலிருந்து இருட்டும் வரை, இந்த இரண்டு நேரத்தையும் வெளியில் செலவழித்துவிட்டு நடுப்பகலில் தூங்குங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், பத்து மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்பி "ஒன்றுமே இல்லை, பில்டப் மட்டும்தான்" என்று எழுதிவைக்கிறார்கள்.

யெல்லோ வாட்டரில் சூரியன் உதிக்கும் நேரத்துப் படகை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், ஜூலையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அல்லி இலை மேல் நடக்கும் இலைக்கோழியைப் பையனுக்குக் காட்டுங்கள், சிவப்புக் கொண்டை வைத்திருக்கும். விரல்கள் அவ்வளவு நீளம், எடை பரவி இலை மூழ்காது. அதில் குஞ்சு வளர்ப்பது அப்பாதான், ஆபத்து என்றால் குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடும், அப்போது அதன் வயிற்றுக்குக் கீழே நாலைந்து ஜோடி நீளக்கால்கள் தொங்குவது மட்டும் தெரியும். அதை ஒருமுறை பார்த்தால் உங்கள் பையன் மறக்க மாட்டான். கருங்கழுத்து நாரையையும் பார்ப்பீர்கள், ஜபிரு என்று இங்கே அதைத்தான் சொல்வார்கள், ஊருக்கும் அந்தப் பெயரே. பைனாகுலரில் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், மஞ்சள் கண் என்றால் பெட்டை, கருங்கண் என்றால் சேவல். அப்புறம் சீழ்க்கைச் சிறகிகள், வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஜூலை குளிர்ப் பருவம் என்பதால் முதலைகளும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் கரையில் ஏறிப் படுத்திருக்கும். படகிலிருந்து அவற்றைப் பார்க்க இதைவிட நல்ல மாதம் இல்லை.

மாமுகாலா சதுப்பில் பறவைகள் கண்ணில் படாமல் உட்கார்ந்து பார்க்க ஒரு மறைவுக் கூடம் இருக்கிறது, ஆர்னம் நெடுஞ்சாலையிலேயே, ஜபிருவுக்கு முன்னாடி. அங்கே மேக்பை கூஸ் என்கிற கறுப்பு வெள்ளை வாத்துகள் ஆயிரக்கணக்கில் கூடுவது செப்டம்பர், அக்டோபரில், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகு. ஜூலையில் கூட்டம் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் வழியில்தானே இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். இந்த மண்ணின் பழங்குடிகளான பினின், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் போகும் ஜூலை வுர்கெங், குளிர்ப் பருவம். குளிர் என்றால் பகலில் 32 டிகிரி, இரவில் 17, 18. இந்தப் பருவக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்த விலங்கு எப்போது எங்கே இருக்கும் என்பதும் பிடிபட்டுவிடும். உதாரணமாக, கழுத்தில் குடை விரிக்கும் ஃப்ரில் நெக் ஓணானைப் பார்க்கணும் என்று பையன் கேட்டால் ஜூலையில் நம்பிக்கை கொடுக்காதீர்கள், வறண்ட மாதங்களில் அது மர உச்சியில் அசையாமல் கிடக்கும், அக்டோபர் கடைசியில் முதல் மழை வந்தால்தான் இறங்கி வரும்.

பூச்சி விஷயத்தில் ஒன்று. இரவு டார்ச்சை நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பனித்துளி மாதிரி பச்சையும் நீலமுமாக மினுக்கும், கிட்டப் போனால் ஒவ்வொன்றும் ஓநாய்ச் சிலந்தியின் கண். அதே டார்ச்சைப் படகுத் துறைக்குப் பக்கத்தில், நல்ல தள்ளி நின்று, தண்ணீர் மேல் அடித்தால் சிவப்பாகத் திரும்பி வருவது வேறு ஆள். மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு கண்டால் கை வைக்க வேண்டாம், முசுறு. நம் ஊர் முசுறேதான், இங்கே பச்சை வயிறு.

ஒரு வருத்தமான செய்தியும் சொல்லிவிடுகிறேன், பையன் கேட்பான். நார்தன் குவால் என்று புள்ளி போட்ட ஒரு சின்ன வேட்டை விலங்கு முன்பு கேம்ப்கிரவுண்டுக்குள்ளேயே சுற்றும். 2001-இல் கேன் டோட் தேரைகள் காக்கடூவுக்கு வந்து சேர்ந்தன, தேரையைத் தின்ற குவால் எல்லாம் விஷத்தில் செத்தன, உடும்புகளும் அப்படியே. இப்போது குவாலைப் பார்ப்பது மிக அரிது. வாந்தி வரவைக்கும் மருந்து கலந்த தேரை இறைச்சியைக் கொடுத்து, தேரையைத் தொடாமல் இருக்கக் குவால்களைப் பழக்குகிற ஆராய்ச்சிகூட நடந்திருக்கிறது.

கொசுவலை_கோமதி

மெர்ல் கொசு பற்றி எழுதக் காத்திருந்த ஆள் நான்தான். சூரியன் மறைந்த கால் மணி நேரத்தில் வரும் பாருங்கள், சும்மா இல்லை, ஜீன்ஸ் துணியைத் தாண்டிக் கடிக்கும். உபிர் பாறை மேல் ஏறி நதாப் சமவெளியில் சூரியன் மறைவதைப் பார்ப்பது கட்டாயம் செய்ய வேண்டிய விஷயம், ஆனால் அது முடிந்து மெர்லுக்குத் திரும்பி இருட்டில் அடுப்பு பற்றவைத்துச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டை நாலு மணிக்கே முடித்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டு மலை ஏறுங்கள். வெளிர் நிறத்தில் முழுக்கை, முழுக்கால், டீட் அல்லது பிக்காரிடின் கலந்த மருந்து, கூடாரத்தின் ஜிப்பைத் திறந்த கையோடு மூடுவது. பிள்ளைகளுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் மலேரியா இல்லை, ஆனால் ராஸ் ரிவர் காய்ச்சல் இருக்கிறது, வந்தால் மாதக்கணக்கில் மூட்டு வலி. அதனால் இது வெறும் அரிப்புக்காக மட்டும் சொல்வதல்ல. முதலையை நினைத்துத் தூக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது, காக்கடூவில் உங்களைக் கடிக்கப் போவது முதலை இல்லை.

இரவுச் சத்தங்களுக்குப் பிள்ளைகளையும் அத்தையையும் முன்கூட்டியே தயார் பண்ணிவிடுங்கள். கண்கிலேடி வகையில் ஒன்று இருக்கிறது, புஷ் ஸ்டோன் கர்லூ என்பார்கள், ராத்திரி ஒரு மணிக்கு யாரோ பெண் ஒப்பாரி வைப்பது போலக் கூப்பிடும், முதலில் ஒன்று, அப்புறம் நாலு திசையிலிருந்தும் பதில். தெரியாமல் கேட்டால் குலை நடுங்கும். பார்க்கிங் அவுல் என்கிற ஆந்தை அசல் நாய் மாதிரியே குரைக்கும். பூங்காவுக்குள் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை, எனவே நாய் குரைப்பதைக் கேட்டால் அது ஆந்தை என்று வைத்துக்கொள்ளலாம். டிங்கோ என்கிற காட்டுநாயும் வரும், ஆனால் அது ஊளையிடும்.

டிங்கோ என்றதும் நினைவுக்கு வருகிறது, செருப்பையும் ஷூவையும் கூடாரத்துக்கு வெளியே விடவே கூடாது. வேர்வை உப்புக்காகவோ என்னவோ, தூக்கிக்கொண்டு போய்விடும். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் காலையில் ஒற்றை ஷூவோடு புதருக்குள் தேடிக்கொண்டிருந்தார், அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே "இடது பக்கம் பாருங்க, இடது பக்கம்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டி, குப்பைப் பை எல்லாம் இரவில் வண்டிக்குள் போகணும். டிங்கோவுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஆள்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அது மனிதரிடம் பழகிவிட்டால் கடைசியில் சாவது அதுதான். காலையில் ஷூ போடும் முன் உதறுங்கள், இரவில் கழிவறைக்கு நடந்தால் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், பாம்பு மிதிபடுவது அப்படித்தான்.

ஜெனரேட்டர் இல்லாத பகுதி என்று கேம்ப்கிரவுண்டில் தனியாகப் பிரித்திருப்பார்கள், அங்கே போடுங்கள். இல்லையென்றால் பக்கத்து கேரவன்காரர் ஃபிரிட்ஜ் சத்தத்தில் ஆந்தையும் கேட்காது ஒன்றும் கேட்காது.

பரமட்டா_பானு

எல்லாருக்கும் நன்றி. இதை எல்லாம் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முதலை முதுகில் பாய்ந்த அந்த அம்மா கதை கேட்டதும் "அப்ப சரி, நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டார், என்ன கணக்கில் என்று எனக்குப் புரியவில்லை. ஜராஜின் மூன்று இரவு, மெர்ல் ஒன்று, லிட்ச்ஃபீல்டு ஒன்று என்று மாற்றிக்கொண்டோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். டார்வின்வாசி, கேஹில்ஸ் கிராசிங் என்று எழுதியிருந்தீர்களே, அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? அப்புறம் வண்டி. ஒரு நிறுவனத்தில் கேட்டதற்கு "ஃபோர் வீல் டிரைவ்தான், எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்றார்கள், ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால் மண் சாலைக்குக் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

ரோடு_ராஜா

அக்கா, அந்தப் பொடி எழுத்துதான் உண்மை, கவுண்டரில் சொல்வதில்லை. ஜிம் ஜிம் பாதை பெயர் போட்டே விலக்கி வைத்திருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. எழுத்தில் அனுமதி கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் சாதாரணக் காரே போதும். உபிர், பர்ரங்குய், யெல்லோ வாட்டர், மாமுகாலா எல்லாமே தார் ரோட்டில்தான் இருக்கின்றன. ஜிம் ஜிம் அருவிக்குக் கடைசி 10 கிலோமீட்டர் மணலும் பள்ளமும், அப்புறம் பாறை பாறையாகத் தாவி நடக்கணும், ஆறு வயசுக்கும் அத்தைக்கும் அது சரிப்படாது. டூர் வண்டியில் நீங்களும் மாமாவும் மட்டும் ஒரு நாள் போய் வரலாம். இருட்டின பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். வாலபி என்கிற சின்னக் கங்காரு குறுக்கே பாயும், சில இடத்தில் எருமை நிற்கும், கறுப்பு ரோட்டில் கறுப்பு எருமை கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது. இரவு ஓட்டினால் காப்பீடு செல்லாது என்றும் பல ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

மகுக் விஷயத்தில் டார்வின்வாசி சொன்னதைக் கேளுங்கள். நான் தனியாள், என் கணக்கு வேறு.

டார்வின்வாசி

கேஹில்ஸ் கிராசிங் கட்டாயம் போங்கள், ஆனால் பார்வை மேடையிலிருந்து மட்டும். உபிரிலிருந்து சில நிமிஷ தூரம்தான். ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட கான்கிரீட் பாதை அது, அக்கரை ஆர்னம் லேண்ட் என்கிற பழங்குடியினர் நிலம், அங்கே போக நார்தன் லேண்ட் கவுன்சில் அனுமதிச் சீட்டு வேண்டும். கடல் ஓதம் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடும், பாதை மூழ்கும், அதோடு மடவை மீன் கூட்டம் வரும், மீனுக்காக முதலைகள் வரிசையாகப் பாதையை ஒட்டி வாயைத் திறந்து கிடக்கும். மீன் வாய்க்குள் வந்து விழுந்ததும் தாடை மூடுகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்கும். ஓத நேர அட்டவணையைப் பார்த்து, உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் இடம் பிடியுங்கள். பாதையில் நின்று தூண்டில் போடும் ஆள்களைப் பார்ப்பீர்கள், அவர்களைப் பார்த்துவிட்டு "அவங்க நிக்கறாங்களே" என்று பையன் கேட்பான், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

உபிருக்குச் சாயந்திரம் மூன்று மணிக்கே போனால் ஓவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். எலும்பும் குடலும் தெரிகிற மாதிரி வரைந்த பாரமுண்டி மீன், மேலே எட்டாத உயரத்தில் ஒரு தைலசீன், டாஸ்மேனியப் புலி என்பார்களே அது. அந்த விலங்கு ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் அழிந்தே 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அதை நேரில் பார்த்தவர் வரைந்தது. தொடக் கூடாது. மது கொண்டு போகவும் அனுமதி இல்லை. இறங்கும்போது பாறை இடுக்குகளைக் கவனியுங்கள், குட்டிப் பாறை வாலபிகள் வெளியே வரும் நேரம் அது.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஜூலையில் சாலையோரம் காடு எரிந்துகொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள், ஒரு முழம் உயரத்துக்கு நெருப்பு, நிறையப் புகை, மேலே பருந்துகள் வட்டமடிக்கும், நெருப்புக்குத் தப்பி ஓடும் வெட்டுக்கிளியையும் பல்லியையும் பிடிக்க. சிட்னியில் காட்டுத்தீ பார்த்த கண்ணுக்குப் பதறும். இது பெரும்பாலும் ரேஞ்சர்களும் நிலத்தின் உரிமைக்காரர்களும் வேண்டுமென்றே வைக்கும் நெருப்பு. புல்லில் ஈரம் இருக்கும்போதே திட்டுத் திட்டாக எரித்துவிட்டால் அக்டோபரில் பெருந்தீ பரவ வழி இருக்காது, இந்த மண்ணில் காலங்காலமாகச் செய்கிற வேலை. சாலை மூடவில்லை என்றால் ஜன்னலை ஏற்றிவிட்டு, விளக்கைப் போட்டு, மெதுவாகக் கடந்து போங்கள். சந்தேகம் இருந்தால் ஜபிரு பக்கத்தில் போவாலி தகவல் மையத்தில் கேளுங்கள், எந்த இடம் திறந்திருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரப் பக்கம் இருக்கிறது, அதை டார்வினில் இருக்கும்போதே பார்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். ஜபிருவை விட்டுக் கிளம்பினால் ஃபோனில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது.

சிறகி

பானு, பையனுக்குப் பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8க்கு 42 என்று போட்டிருப்பதை, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவதை வாங்குங்கள், 10 மடங்கு என்றால் கை ஆட்டம் அதிகமாகத் தெரியும். அத்தைக்கும் ஒன்று தனியாக. படகில் ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும்.